துண்டு வீசியவள்

பிப்ரவரி 8, சனிக்கிழமை

இன்று கொச்சியில் கப்பலேறும்போது இருந்தவர்கள்: நான், கித்தேரியம்மாள், சந்தியாகுபுரம் காலஞ்சென்ற லெயோனின் பெண்சாதி. என் மகள் ஜெசிந்தா. அவள் புருஷன் ஆஸ்வால்ட். அவர்கள் மகள், என் பேத்தி ஷெரின். ஆஸ்வால்டின் தாயார், என் சம்பந்தி மார்சலின். வேறு யாரும் எங்களோடு இல்லை. முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு காரியம் நடந்து நாலு வருஷம் போனால், இருந்தவன் இல்லை என்பான், இல்லாதவன் கண்ணால் கண்டேன் என்பான். எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். ஞாபகம் இருக்கிறவளுக்குத்தான் கெட்ட பெயரும்.

சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தேன். எழுத்து கோணல்தான். படிக்கிறவர்கள் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

இது ஜெசிந்தா நெடுநாளாய் ஆசைப்பட்டு ஏற்பாடு செய்த பயணம். லட்சத்தீவுப் பக்கம் தீவு தீவாகச் சுற்றிக் காட்டித் திரும்பக் கொச்சியில் கொண்டுவந்து விடுவார்களாம். "எம்மா, கடலப் பாத்து பயந்தே காலத்தக் கழிச்சிட்ட. ஒரு தடவ சந்தோசமா பாரு," என்றாள். நான் எங்கே பயந்தேன்? கடல்தான் என் முகத்தில் முழிக்கப் பயப்பட வேண்டும்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளை வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது. வலை பொத்தலாம், மீன் கூறு போடலாம், கருவாடு காயவைக்கலாம், போனவர் வராவிட்டால் மணலில் விழுந்து அழலாம். ஏறக் கூடாது. பிறந்தது முதல் கடல் ஓரத்தில் கிடந்தும் இன்றுதான் என் கால் கரையை விட்டது. கப்பலின் வாசலில் ஒருத்தி பூங்கொத்து கொடுத்தாள். வலது காலை வைத்தேனா இடது காலை வைத்தேனா என்று கவனிக்க விடாமல் ஷெரின் போட்டோ எடுத்தாள்.

சாயங்காலம் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை மாட்டி வரிசையில் நிறுத்தினார்கள். கப்பல் முங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள்.

மார்சலின் கேட்டார், "மைனி, இதப் போட்டா நான் பூசணிக்கா மாதிரி தெரியுதேனோ?"

"போடாட்டியும் அப்பிடித்தான் மைனி தெரியுதிய."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இந்த மார்சலின்தான் என் மகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, "கொழம்புல புளி முந்திட்டு" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னவர்.

கப்பல் கிளம்பியதும் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தபடி நின்றேன். முதலில் ஆட்கள் மறைந்தார்கள். பிறகு வண்டிகள், மரங்கள். கடைசியில் ஏதோ ஒரு கோபுரம் மட்டும் நின்றது. அதுவும் முங்கிவிட்டது. லெயோனுக்கும் எங்கள் கோயில் கோபுரம் இப்படித்தான் முங்கியிருக்கும். கரையில் நின்று வள்ளம் மறைவதைத்தான் இத்தனை காலம் பார்த்திருக்கிறேன். வள்ளத்திலிருந்து பார்த்தால் மறைவது நாம்தான் என்று இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கப்பலில் பூசை இல்லை. அறையிலேயே ஜெபமாலை சொன்னேன். மார்சலின் மூன்றாம் காரணிக்கத்தில், மூன்றாம் பத்து மணி உருட்டும்போதே, குறட்டை விட்டார்.

மத்தியானம் மீன் வைத்தார்கள். முள் இல்லை, தோல் இல்லை, தலை இல்லை, மீன் என்று சொல்ல வாசமும் இல்லை. என்ன மீன் என்று ஷெரினை விட்டுக் கேட்கச் சொன்னேன். "வெள்ளை மீன்" என்றானாம் பரிமாறுகிறவன். வெள்ளை மீனாம்! எங்கள் ஊர் நாய்க்குக்கூட ஊளியா பாறையா என்று தெரியும்.

சாப்பிட்டு மேல்தளத்துக்கு வந்தபோது கடலில் கறுப்பாக ஒன்று மிதந்தது. வள்ளம் கவிழ்ந்த மாதிரி இருந்தது. நான் சத்தம் போட்டேன். ஜனம் கூடிவிட்டது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு கப்பல்காரன் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்து என்னவோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அறுந்து வந்த வலைமிதவையும் அதில் சிக்கின குப்பையும்தானாம். ஜெசிந்தா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எம்மா, இங்கயுமா? இங்கயும் ஆரம்பிக்கணுமா?"

"என்னத்தட்டி ஆரம்பிச்சேன்? கண்டதச் சொன்னேன்."

"நீ எப்பவும் கண்டதத்தான் சொல்லுத."

அவளுக்கு அந்தப் பழைய தென்னைமரக் கட்டை ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. அதை எழுதாவிட்டால் நான் மறைத்தேன் என்று ஆகும்.

லெயோன் காணாமல் போனபோது ஜெசிந்தா பால்பல் விழுந்த பிள்ளை. அதற்கு மறு வருஷம் காற்றுக்காலத்தில் கரையில் நின்று பார்த்தேன். அவர் வள்ளம் வந்தது. அணியத்தில், வள்ளத்தின் முன்தலையில், அவர் உட்கார்ந்திருந்தார். தலைப்பா கட்டின விதம்கூட அவருடையதுதான். நான் கத்தின கத்தில் நாலு பேர் அலையை உடைத்துக்கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டுவந்தது ஒரு தென்னைமரக் கட்டை. போனவர்களில் பெர்க்மான்ஸுக்குக் கை முறிந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஜெசிந்தாவை, "கட்டைக்கி வாக்கப்பட்டவ மவ" என்று கூப்பிட்டார்கள். அவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளைகளின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு பேர் இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதில்லை.

ஆனால் லெயோன் சமாசாரத்தில் என் கண் தப்பவில்லை. தப்பியது சவேரி கொறைராவின் மனசாட்சி.

எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. கடலில் மாட்டிக்கொண்டவன் துடுப்பில் துணியைக் கட்டி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அதைக் கண்டவன் தன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தலைக்கு மேலே மூன்று முறை வீச வேண்டும். 'கண்டேன், வருகிறேன், பயப்படாதே' என்று அதற்கு அர்த்தம். வீசிய பிறகு வலையில் எவ்வளவு மீன் இருந்தாலும் வெட்டிவிட்டுப் போயே ஆக வேண்டும். வீசிவிட்டுப் போகாதவனோடு யாரும் பந்தியில் உட்கார மாட்டார்கள்.

லெயோன் துடுப்பைத் தூக்கியதை, அன்று பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர் சவேரி கொறைரா பார்த்தான். பார்த்ததாக அவனே சொன்னான். "சட்டை காயப்போட்டிருக்கான்னு நெனச்சேன் தங்கச்சி" என்று என் வாசலில் நின்று அழுதான். துண்டும் வீசவில்லை, வரவும் இல்லை. அவன் செத்தபோது ஊரே போனது. நான் போகவில்லை. கோயில் மணி அடித்தபோது மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒரு தீவு. மணல் உப்புப் போல வெள்ளை. இளநீர் குடித்தோம், நம்மூர் இளநீர்தான், கூட ஒரு குழல் போட்டுக் கொடுத்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் தலை குளித்தேன். அறைக்குள் ஈரம் காயாது என்று மஞ்சள் துண்டை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். மார்சலின் சாய்வு நாற்காலியில் படுத்து, முகத்தைத் தொப்பியால் மூடித் தூங்கினார். நான் கம்பி ஓரமாக நின்று முடியைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

வலது பக்கத்தில் ஒரு ஃபைபர் வள்ளம். மிதவை இல்லை, குப்பை இல்லை. நீல அடியும் வெள்ளை ஓரமும் எனக்குத் தெரிந்தது. மூன்று தலை. அதில் ஒருவன் எழுந்து நின்றான். துடுப்பை நிமிர்த்தினான். துடுப்பின் தலையில் சிவப்புச் சட்டை.

அவரோ என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை என்றும் அதே நொடியில் தெரிந்தது. இவன் இளவட்டம். லெயோனாக இருந்தால் எண்பது வயதுக் கிழவராக அல்லவா நிற்க வேண்டும்.

கையில் துண்டு இருந்தது. தலைக்கு மேலே தூக்கி வீசினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் துடுப்பை இறக்கிவிட்டான். மற்ற இரண்டு பேரும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவ்வளவு கிட்டத்தில் போனது கப்பல். கும்பிட்டது தெரிகிற அளவு கிட்டத்தில்.

கப்பல் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை.

தட்டு ஏந்திக்கொண்டு ஒரு கப்பல் பையன் வந்தான். சப்பை மூக்கு, நல்ல முகம். எந்த நாட்டுப் பிள்ளையோ. அவன் சட்டையைப் பிடித்துக் கடலைக் காட்டினேன். "ஆளு! ஆளுடா! வள்ளம்! தண்ணி இல்லாம நிக்கானுவ!" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், வாயைத் தொட்டுக் காட்டினேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். ஓடிப்போய் ஒரு பெரிய கண்ணாடித் தம்ளரில் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

மார்சலினை உலுக்கினேன். "என்ன மைனி, சாப்பாட்டு மணி அடிச்சிட்டா?" என்று எழுந்தார். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் தன் கால் தெரியாது.

ஜெசிந்தாவைத் தேடிக் கீழே ஓடினேன். லிஃப்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை. படியில் இறங்கினேன். என் முழங்காலுக்கு அது எப்படி முடிந்தது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஜெசிந்தாவும் ஷெரினும் நீச்சல் குளத்துப் பக்கம் இருந்தார்கள்.

"ஏட்டி ஜெசிந்தா, வள்ளம்! துடுப்புல சட்ட கட்டிருக்கானுவ. கப்பல நிறுத்தச் சொல்லு."

"எம்மா." அவள் சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் அன்றைக்குச் சிரித்த கூட்டம் இருந்தது. "மெல்லப் பேசு. மறுபடியுமா?"

"மறுபடியும் இல்லட்டி. மூணு தல. கும்பிட்டானுவ."

மேலே வந்து பார்த்தாள். அதற்குள் கப்பல் திரும்பியிருந்தது. வள்ளம் பின்னால், சூரியன் தண்ணீரில் கொட்டிக் கிடந்த இடத்துக்குள் போய்விட்டது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா," என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சிது. நான் துண்ட வீசிட்டேன். வீசுன பொறவு போவாம இருக்கக் கூடாது. நீ போய்ச் சொல்லு. ஒனக்கு இங்கிலீஸ் வரும். பெரிய கேப்டன்ட்ட சொல்லு. போ."

"சரிம்மா. நீ உக்காரு. மூச்சு வாங்குது பாரு. நான் போய்ச் சொல்லுதேன்."

ஷெரினையும் கூட்டிக்கொண்டு போனாள். வர நேரமானது. வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். "சொல்லிட்டேன்மா. இந்தக் கப்பல் அங்க திரும்ப முடியாதாம். ரேடியோல சொல்லிட்டாங்க. காவல் படகு கெளம்பிட்டு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இப்ப அந்த ஜூஸக் குடி."

குடித்தேன். இனிப்பாக இருந்தது. இத்தனை காலத்தில் ஒரு காரியம் முடிந்தது என்ற எண்ணத்தோடு இன்றுதான் குடிக்கிறேன். சவேரி கொறைரா செய்யாததை நான் செய்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

கண்ணாடி அடி வைத்த படகில் பவளப்பாறை காட்டினார்கள். மீன்கள் பண்டிகைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி உடுத்தியிருந்தன. படகில் ஏறிக் காலுக்கடியில் கடலைப் பார்க்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஆஸ்வால்டுக்கு ஆச்சரியம். "மாமி, நீங்க நேத்திலருந்து ஆளே மாறிட்டிய," என்றார்.

ஆஸ்வால்ட் நல்ல மனிதர். கல்யாணத்தன்று மாலையை மாற்றும்போது என் மகள் காலை மிதித்தார், அது ஒன்றுதான்.

மார்சலினிடம் வள்ளத்தைப் பார்த்த கதையைச் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். "மூணு உசிரு மைனி! ஒங்க கண்ணு கண்ணுதான்," என்றார். குழம்பில் புளி முந்தியதை இனி எண்ண வேண்டாம் என்று நினைத்திருக்கிறேன்.

ஜெசிந்தாவிடம் கேட்டேன். "தகவல் வந்துதா?"

"வந்துதும்மா. காப்பாத்திட்டாங்களாம். நாலு பேரும் நல்லா இருக்காங்களாம்."

நான் மூன்று தலைதான் பார்த்தேன். ஒருவன் வள்ளத்துக்குள் படுத்திருந்திருப்பான். அப்படித்தான் இருக்கும்.

ஷெரின் சாப்பிடாமல் எழுந்து போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வயிற்றைப் பட்டினி போட்டு மெலிகிறார்கள்.

பிற்பகல் கண்ணயர்ந்தபோது லெயோன் வந்தார். பேசவில்லை. துடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் துண்டை வீசினேன். அவர் துடுப்பை இறக்கவில்லை. முழித்துக்கொண்டேன். அறை குளிர் மிஷினால் பிணவறை போலக் கிடந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

கொச்சியில் இறங்கி, தூத்துக்குடியில் ஜெசிந்தா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தரையில் நிற்கும்போதும் ஆடுகிறது.

பிப்ரவரி 17, திங்கள்

வெந்தயம் காயப்போட்டேன். சேலைகளைத் துவைத்தேன். மஞ்சள் துண்டில் உப்பு வாடை போகவில்லை.

பத்து மணிபோல் ஷெரின் போனை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஆச்சி, ஒண்ணு வாசிக்கேன். ஏசாத," என்றாள்.

வாசித்தாள். கன்னியாகுமரிப் பக்கம் மரியதாசன்துறையிலிருந்து மூன்று பேர் மீன்பிடிக்கப் போனவர்கள். இஞ்சின் பழுதாகி, நீரோட்டம் மேற்கே கொண்டுபோய்விட்டது. சரக்குக் கப்பல் ஒன்று கண்டெடுத்தபோது உயிரோடு இருந்தவன் ஒருவன். பெயர் டைட்டஸ். மற்ற இரண்டு பேர், வியாகுலமும் அவர் தம்பி ஜஸ்டினும், தண்ணீர் இல்லாமல் செத்துக் கிடந்தார்கள். அண்ணன் ஒரு நாள், தம்பி மறுநாள்.

"இன்னும் இருக்கு ஆச்சி."

"வாசி."

அந்த டைட்டஸ் சொன்னதாகப் போட்டிருந்தது. வெள்ளைக் கப்பல் ஒன்று பக்கத்தில் போயிற்று. துடுப்பில் சட்டையைக் கட்டிக் காட்டினோம். மேலே நின்ற ஒரு வயசான அம்மா மஞ்சள் துண்டை மூன்று முறை வீசினார்கள். எங்களுக்கு அது போதும். வியாகுலம் அண்ணன், "கண்டாச்சி, வருவாவ" என்று சொல்லி, மூடி மூடியாக அளந்து குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்க் கேனைத் திறந்தார். மூன்று பேரும் குடித்துத் தீர்த்தோம். முகம்கூடக் கழுவினோம்.

ஷெரின் அதற்கு மேல் வாசிக்கவில்லை. நான் வெந்தயத்தைக் கிளறிவிட்டேன்.

"காவல் படகு போவலையாட்டி?"

"ஆச்சி..." அழுதாள். "அம்மா யாருட்டயும் சொல்லல. கீழ ஆபீஸ்ல வரிசை நின்னுது. நின்னோம். எங்க முற வந்ததும் அந்தப் பொண்ணு என்ன வேணும்னு கேட்டா. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணுஞ் சொல்லல. பொறவு கண்ணாடிப் படகுக்கு டிக்கெட் கேட்டா."

ஜெசிந்தா சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையில் கரண்டி.

"நாலு பேருன்னியே," என்றேன்.

அவள் கரண்டியைச் சேலையில் துடைத்தாள்.

"நாலு பேரு நல்லா இருக்கானுவன்னு எங்கிட்டச் சொன்னியே. நான் மூணு தலதான எண்ணுனேன்."

"எம்மா, எனக்குத் தெரியலம்மா. எனக்கு வெறுந் தண்ணிதான் தெரிஞ்சிது."

"எனக்குத் தெரிஞ்சிதே."

"ஒனக்கு எப்பவும் தெரியும்!" கரண்டி கீழே விழுந்தது. "கட்டயப் பாத்தாலும் அப்பா, மெதப்பப் பாத்தாலும் அப்பா. சின்னதுலருந்து நான் எத்தன தடவ ஒங்கூட கரைக்கி ஓடி வந்திருக்கேன்? எத்தன தடவம்மா? ஒவ்வொரு தடவையும் நானும் நம்புனேன். அப்பா வந்துட்டாருன்னு நம்புனேன். அதுக்கு ரெண்டு நாளைக்கி முன்னாலதான் கப்பலே சிரிச்சிது. அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்ததும் எனக்கு வாய் வரல. ஒன்னய நிம்மதியா வச்சிக்கணும்னுதான் பொய் சொன்னேன். சத்தியமா அதுக்குத்தான்."

நிம்மதியாகத்தான் இருந்தேன். ஜூஸ் குடித்தேன். அவர்கள் தண்ணீர் குடித்துத் தீர்த்த அதே நேரமாகத்தான் இருக்கும்.

இதை எழுதிவிட்டு அதற்குக் கீழே இன்னொன்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மார்சலின் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 19, புதன்

மரியதாசன்துறைக்குப் போக வேண்டும் என்றேன். ஆஸ்வால்ட் வேண்டாம் என்றார். "மாமி, சனம் கொதிச்சிப் போயி கெடக்கும். என்ன நடக்கும்னு சொல்ல முடியாது." நான் பஸ்ஸில் போவேன் என்றேன். ஜெசிந்தா, "நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். காரில் இரண்டு பேரும் போனோம். அவள் ஓட்டினாள்.

டைட்டஸ் வீட்டில் கட்டிலில் கிடந்தான். உதடு தோல் உரிந்து, முகம் கறுத்துக் கருவாடாய் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான். "ஆச்சி, மஞ்சத் துண்டு நீங்கதானா?"

"ஆமாய்யா."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க வீசுனதுனாலதான் ஆச்சி நான் உசிரப் பிடிச்சிட்டுக் கெடந்தேன். வருவாவ, வருவாவன்னு. அவங்க ரெண்டு பேரும் போன பொறவும் நான் நம்பிட்டே கெடந்தேன்."

அவன் ஏசியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். அதற்கு நான் தயாராக வந்திருந்தேன்.

வியாகுலத்தின் வீடு இரண்டு வீடு தள்ளி. அவர் மனைவி அல்போன்சா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. மடியில் ஒரு பிள்ளை தூங்கியது. சுற்றிலும் பெண்கள். நான் யார் என்று யாரோ அவள் காதில் சொன்னார்கள். அவள் அழவில்லை. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். அழுகை முடிந்து, கேட்க வேண்டியதைக் கேட்கிறதற்கு ஆள் தேடுகிற கண். லெயோன் போன பிறகு என் முகத்தில் இருந்தது.

"நீங்க பாத்தியளா?" என்றாள்.

"பாத்தேன்."

"எனக்க மாப்பிளயப் பாத்தியளா?"

"கும்பிட்டாரும்மா. ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாரு."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "பாத்துட்டு, துண்டையும் வீசிட்டு, பொறவு என்ன செஞ்சிய? யாருட்டயாவது சொன்னியளா?"

அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். ஜெசிந்தா என் தோளோடு ஒட்டி நின்றாள். சொல்லட்டும் என்று நிற்கிறாளா, சொல்லாதே என்று நிற்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வாயைத் திறந்தாள். "நான்..." என்று தொடங்கிவிட்டாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினேன்.

எனக்குத் தெரியும், இந்தப் பெண் கேட்பது ஒரு பெயர். பெயர் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டுதான் இனி சோறு பொங்குவாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், மிளகாய் வறுப்பாள். அந்தப் பெயருக்குரியவள் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் சாவு விழுந்தாலும் இவள் வாய் என்ன சொல்லும் என்று நான் அறிவேன். நான் சொல்லியிருக்கிறேன்.

"யாருட்டயும் சொல்லலம்மா," என்றேன். "எனக்கு அவனுவ பாஷ தெரியாது. ஒரு பையன்ட்ட கையக் காட்டுனேன். அவன் ஜூஸ் கொண்டாந்து தந்தான். நான் குடிச்சிட்டு இருந்துட்டேன்."

யாரோ ஒரு கிழவி, "அட பாவி முண்ட," என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

"ஒங்ககூட வேற ஆளு இல்லியா? இது ஒங்க மவளா?"

"மவதான். அவ கீழ இருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அல்போன்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்க பேரு என்ன?"

"கித்தேரி. சந்தியாகுபுரம் கித்தேரியம்மா."

அவள் உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவை, மறு தடவை. மனப்பாடம் பண்ணுகிற மாதிரி. பண்ணிக்கொள்ளட்டும். மறக்காமல் இருக்கட்டும். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாங்கள் வெளியே வந்தோம்.

கார் ஊரைத் தாண்டியதும் ஜெசிந்தா ஓரமாக நிறுத்தினாள். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். பிறகு என் மடியில் சாய்ந்தாள். "எதுக்கும்மா அப்பிடிச் சொன்ன? எதுக்குச் சொன்ன? நாந்தான... என்னய மன்னிச்சிரும்மா. ஒரு வார்த்த சொல்லு. மன்னிச்சிட்டேன்னு சொல்லு."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வகிட்டில் நரை விழுந்திருக்கிறது. வியர்வையை என் சேலையால் துடைத்தேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். "வீட்டுக்குப் போவம் மக்கா, இருட்டிரும்," என்றேன். அவள் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

சொல்லிப் பார்த்தேன். மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்தேன். வாய் வரை வருகிறது, அங்கே அந்த இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவள் என்னைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பாள். நானும் அவள் கையால்தான் கஞ்சி குடிப்பேன். அவளுக்கு ஒரு காய்ச்சல் என்றால் நான் முழங்காலில் நிற்பேன். அவளுக்காக ஊர் ஊராய்ப் போய் என் பெயரைக் கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன். இது எதுவும் அதை மாற்றாது. துடுப்பில் துணி கட்டி நின்ற ஒருவனுக்குப் பிறந்தவளுக்கு வரிசையில் அவள் முறை வந்தபோது வாய் வரவில்லை.

சவேரி கொறைராவைக்கூட இன்று விட்டுவிட்டேன். இனி நான் மன்னிக்காத ஆள் ஒன்றே ஒன்று. லெயோனின் மகள் ஜெசிந்தா.